மொட்டைப் பனைச் சாலை

மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் கார் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அக்னி நட்சத்திரம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். விடிய இன்னும் கொஞ்சம் பாக்கி. கிழக்கே பனைகளுக்குப் பின்னால் வெளுப்பு. மேற்கே மலை இருட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. கூந்தன்குளத்துக்குப் போகிற இந்தச் சாலையில் பஸ்ஸும் டிராக்டரும் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். இந்த நேரத்தில் இரண்டும் இல்லை.

தாரின் நடுவே பழுப்பாக என்னவோ கிடக்கிறது. டிரைவர் ஸ்டியரிங்கை லேசாக ஒடித்து அதைச் சுற்றிக்கொண்டு போகிறார். பக்கி. பகல் முழுக்கச் சருகோடு சருகாகக் கிடந்துவிட்டு, இருட்டியதும் சூடு ஆறாத சாலையில் வந்து உட்கார்ந்து பூச்சிக்குக் காத்திருக்கும் பறவை. வண்டி வெளிச்சம் முகத்தில் அடித்தால் கண் சிவப்பாக மின்னும். கடைசி நொடிவரை எழும்பாது. அந்தக் கடைசி நொடி இதற்கு நேற்றிரவே வாய்க்கவில்லை. இறக்கையின் ஓர் இறகு மட்டும் காற்றில் நிமிர்ந்து நிமிர்ந்து படிகிறது. யாரும் கண்ணாடியை இறக்கவில்லை.

முன்சீட்டில் அண்ணாச்சி. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடையில் ஒரு பங்கு லென்ஸாக மாறிவிட்டது என்று வீட்டில் பேச்சு. பின்சீட்டில் வலப்பக்க ஜன்னல் கல்லூரிப் பையனுக்கு; அவனுடைய கேமரா நொடிக்கு 20 படம் எடுக்கும். இடப்பக்க ஜன்னலில் இருப்பவருக்குக் கேமராவும் கிடையாது, வேலையும் கிடையாது. தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டுவது, “எந்தப் பக்கம்?” என்று கேட்டால் விரல் காட்டுவது, அவ்வளவுதான். அவரிடம் ஒரு பழைய பைனாகுலர் இருக்கிறது.

அண்ணாச்சியின் மடியில் ஒரு பை. பழைய ஜீன்ஸ் காலை முழங்காலோடு வெட்டி, இரண்டு வாயையும் தைத்து, உள்ளே உளுந்து நிரப்பியிருக்கிறார். கண்ணாடியை இறக்கி, கதவு விளிம்பில் பையைக் கவிழ்த்து, அதன்மேல் 600 மில்லிமீட்டர் லென்ஸைப் படுக்க வைத்தால் ஆடாது, அசையாது. தையல் ஓரிடத்தில் பிரிந்திருக்கிறது. கார் குலுங்கும்போதெல்லாம் ஓரிரு உளுந்து டிரைவரின் பக்கம் உருண்டு போகிறது. டிரைவர் அதைப் பொறுக்குவதில்லை, பார்க்கிறார்.

காருக்குள் சில சட்டங்கள் உண்டு. நின்றதும் எஞ்சினை அணைக்க வேண்டும், அதிர்வு படத்தில் தெரியும். கதவைத் திறக்கக் கூடாது. வண்டி நின்றால் பறவைக்குக் கவலையில்லை, எத்தனையோ வண்டியைப் பார்த்துவிட்டது. அதற்குள்ளிருந்து இரண்டு கால் இறங்கினால்தான் கவலை. பேச்சு மெதுவாக. பாட்டு கிடையாது. இந்தக் கடைசிச் சட்டம்தான் டிரைவருக்குக் கஷ்டம்.

வெளிச்சம் வருகிறது. சாலையோரத்து மின்கம்பியில் ஆள்கள் ஒவ்வொருவராக வந்து அமர்கிறார்கள். முதலில் கரிச்சான், அது இருட்டிலேயே எழுந்து கத்திவிட்டு வேலைக்கும் வந்துவிடும். அடுத்த கம்பத்துக்கும் இதற்கும் நடுவில் பச்சைப் பஞ்சுருட்டான் நாலைந்து, தோளோடு தோள் ஒட்டி. ஒன்று எழும்பி, காற்றில் ஒரு வளைவு போட்டு, தேனீயோடு அதே இடத்துக்குத் திரும்புகிறது. தேனீயைக் கம்பியில் இடமும் வலமும் அடிக்கிறது. கொடுக்கு போகும்வரை அடி. இவற்றின் வீடு மேலே இல்லை, கீழே இருக்கிறது: சாலை போடுவதற்கு மண் அள்ளிய பள்ளத்தின் செம்மண் சுவரில், கை நுழையாத வளைகள். ரோடு காண்ட்ராக்டர் தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளம்தான் இவற்றுக்குக் காலனி. பாலக்கட்டைக்கு அடியில் கம்பிவால் தகைவிலான் களிமண் கிண்ணம் ஒட்டியிருக்கிறது. மேலே லாரி போனாலும் கிண்ணம் ஆடுவதில்லை. பனையோலையின் அடிப்பக்கத்தில் உழவாரன் தன் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைத்திருக்கும். அது தரையில் இறங்கியதை இந்த ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

“கம்பில இருக்கு அண்ணாச்சி,” என்கிறான் பையன்.

“கம்பிலயா? வேண்டாம்.”

இதுதான் காலை முழுக்க நடக்கிற பேச்சு. கம்பியில் உட்கார்ந்த பறவை படத்துக்கு ஆகாது. கம்பம் ஆகாது. பின்னால் ஹாலோபிளாக் சுவர் தெரிந்தால் ஆகாது. வேலியில் சிக்கிய பாலித்தீன் பை ஆகாது. உடைமரத்தின் முள்கிளையில், பின்னால் ஒன்றுமில்லாமல், பச்சையோ நீலமோ கரைந்து நிற்க, பறவை தனியே இருக்க வேண்டும். “பேக்கிரவுண்டு கிளீனா இருக்கணும்.” பஞ்சுருட்டானுக்கு இது தெரியாது. பத்தடி தள்ளி அருமையான உடைமரம் இருக்க, அது கம்பியைத்தான் தேர்ந்தெடுக்கிறது. கம்பியிலிருந்து நாலு பக்கமும் பார்க்கலாம், இலை மறைக்காது, பூச்சி எங்கே போனாலும் தெரியும். இரையைப் பிடிக்க உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு திருப்பத்தில் மொட்டைப் பனை ஒன்று. தலை போய் வருடக்கணக்காகியிருக்கும். இடியோ வறட்சியோ காற்றோ, குருத்து போனால் பனைக்கு அவ்வளவுதான். மற்ற மரங்களைப்போலப் பக்கத்தில் துளிர்க்கத் தெரியாது. வெளிவைரம் மட்டும் இரும்பாக நிற்கும். உள்ளே இருக்கும் சோறு மழையில் ஊறி, உளுத்து, கொட்டிப்போகும். மிச்சம் இருப்பது உயரமான ஒரு குழாய். அந்தக் குழாய்க்குத்தான் இங்கே அடிதடி.

உச்சியில் திறந்த வாயில் பனங்காடை குடியிருக்கிறது. அதற்கு ஓர் ஆள் உயரம் கீழே பக்கவாட்டுப் பொந்தில் கிளி. அதற்கும் கீழே இன்னொரு பொந்தில் மைனா வைக்கோலைத் திணித்துக்கொண்டிருக்கிறது, பாதி வெளியே தொங்குகிறது. பின்பக்கப் பொந்தில் புள்ளி ஆந்தை. வெயில் முகத்தில் படும்படி வாசலில் நின்று கண்ணை முக்கால்வாசி மூடியிருக்கிறது. கிளி வெளியே தலை நீட்டினால் மைனா திட்டுகிறது. மைனா கொஞ்சம் மேலே ஏறினால் பனங்காடை பாய்கிறது. ஆந்தையை மட்டும் ஒருவரும் சீண்டவில்லை, அதன் வேலை நேரம் முடிந்துவிட்டது என்று தெரியும்போல.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட வேண்டுமானால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் மொட்டைப் பனையை யாரும் மரக் கணக்கில் சேர்ப்பதில்லை. செத்த மரம், செங்கல் சூளைக்குப் போகட்டும் என்பதுதான் நடைமுறை. ஓலையும் நுங்கும் பதநீரும் தருகிற மரத்தில் பனங்காடைக்கு இடமில்லை, பொந்து இருக்காது. செத்த பிறகுதான் அது வீடாகிறது. சாலையை அகலப்படுத்த அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். இந்த மரம் கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது, அதாவது தாருக்குள்.

பனங்காடை உச்சியை விட்டு இறங்கி ஒரு வேலிக்கல்லில் வந்து அமர்கிறது. கம்பி இல்லை, சுவர் இல்லை, பின்னால் தரிசு வயல் தொலைவில் கரைந்து கிடக்கிறது. காருக்குள் மூச்சு நிற்கிறது. உளுந்துப் பை நசுங்கும் சத்தம். உட்கார்ந்திருக்கும்போது இது பெரிய அழகொன்றும் இல்லை: தவிட்டு நிற முதுகு, கொஞ்சம் கத்தரிப்பூ பூசிய கழுத்து, பருமனான தலை. இறக்கையைத் திறந்தால்தான் இரண்டு நீலங்களும் வெளியே வரும், ஒன்று வெளிர், ஒன்று கரு. அந்த நொடியைத்தான் இருவரும் குறி வைத்திருக்கிறார்கள். பறக்கப் போகிற பறவை முதலில் எச்சமிடும், அப்புறம் முன்னால் சாயும் என்பது படக்காரர்களின் பாலபாடம். வால் தூக்குவதைப் பார்த்தால் விரலை அழுத்திவிட வேண்டும். அண்ணாச்சியின் கட்டைவிரல் சக்கரத்தை உருட்டி, ஷட்டர் வேகத்தை நொடியில் 3200-இல் ஒரு பங்குக்கு ஏற்றுகிறது. வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ தானாக ஏறுகிறது. அதைப் பார்த்து நாக்கைச் சொடுக்குகிறார்.

காத்திருப்பு. ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் இரண்டு பால் கேனோடு கடந்து போகிறது. பனங்காடை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையனின் நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி இறங்கி மூக்கு நுனியில் நிற்கிறது, துடைக்கக் கையில்லை. பறவை தலையை ஒருக்களித்துத் தரையைப் பார்க்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறது. வால் தூக்குகிறது. இரண்டு கேமராவும் ஒரே நேரத்தில் பொரிகின்றன. அது வேலிக்கல்லின் மேலேயே அரையடி நகர்ந்து மறுபடியும் உட்கார்ந்துகொண்டது. எச்சம் மட்டும்தான்.

அப்புறம் அவர்கள் கேமராவின் திரையைப் பார்க்கக் குனிந்த நேரத்தில் அது பறந்தது. சாலையைக் குறுக்காகத் தாண்டி, காரின் மூக்குக்கு முன்னால், இரண்டு நீலமும் முழுசாக விரிந்து. தார்மேல் கிடந்த ஒரு வெட்டுக்கிளியை அள்ளிக்கொண்டு மொட்டைப் பனைக்கு ஏறியது. பைனாகுலர்கூட வேண்டியிருக்கவில்லை.

“போச்சா?” என்கிறார் அண்ணாச்சி.

“போச்சு.”

இப்படிப்பட்ட படக்காரர்களுக்கு இந்தச் சீமையிலேயே ஒரு மூதாதை உண்டு. மா. கிருஷ்ணன் 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுப்பார். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்டுச் செய்த ஒரு கனத்த பெட்டிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950-இல் தொடங்கிய ‘கன்ட்ரி நோட்புக்’ பத்தியை 1996-இல் இறக்கும்வரை எழுதினார். யானையும் புலியும் மட்டுமல்ல. காக்கையும் தெருநாயும் கழுதையும்கூட அவருக்கு எழுதத் தகுந்த பிராணிகள்தான். நொடிக்கு 20 படம் எடுக்கிற கேமராவை அவரிடம் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. நல்லதாக எதுவும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது.

ஒன்பது மணிக்கு முன்பே வெளிச்சம் கெட்டுவிடுகிறது. அதாவது படக்காரர்களுக்குக் கெட்டுவிடுகிறது. மற்றவர்களுக்கு வெயில் ஏறுகிறது. நிழல் பறவையின் வயிற்றுக்கு அடியில் கறுப்பாக விழும், கண்ணில் ஒளிப்புள்ளி நிற்காது. அதைவிட மோசம், கானல். சூடான தரையிலிருந்து காற்று அலையலையாக ஏறும்போது நீள லென்ஸுக்கும் பறவைக்கும் நடுவில் அத்தனை அலையும் வந்து நிற்கும். படம் கூர்மையாக விழாது. எத்தனை லட்சம் போட்டு லென்ஸ் வாங்கினாலும் நடுவில் இருக்கிற காற்றை மாற்ற முடியாது. ஒரே மருந்து, பறவையின் பக்கத்தில் போவது. அதற்குப் பறவை சம்மதிக்க வேண்டும்.

டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து பையன் காலைப் படங்களைத் தள்ளிக்கொண்டே வருகிறான். டீ போடுகிறவர் தோள் துண்டால் கையைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறார். உடைமுள்ளில் ஒரு பஞ்சுருட்டான், பின்னால் முழுக்க இளம்பச்சை. கடைசியில் கிடைத்துவிட்டது.

“நல்லாருக்கே. எந்த ஊர்ல எடுத்திய?”

“இங்கதான் அண்ணாச்சி. பாலத்துக்கு அந்தாண்ட.”

“இங்கயா?” திரும்பிச் சாலையைப் பார்க்கிறார். எதிரே கம்பம், கம்பி, ஒரு கட்சிக் கொடிமரம், உர விளம்பரம் எழுதிய சுவர், கம்பியில் அதே பறவை மூன்று. மறுபடி திரையைப் பார்க்கிறார். “சரிதான்,” என்று சொல்லிவிட்டு வடையை எடுக்கப் போய்விட்டார். அந்தச் ‘சரிதான்’ சம்மதமா சந்தேகமா என்பதைப் பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். வடை வந்ததும் விட்டுவிட்டான்.

திரும்பவும் சாலை. வாழைத் தோட்டம் ஒன்றை ஒட்டிக் கார் நிற்கிறது. வலப்பக்கம் தோட்டத்து வேலியில் ஒரு வல்லூறு, காலடியில் ஓணானோடு. இருவரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். தோட்டத்து மோட்டார் ஓடியதில் வலப்பக்க வாய்க்காலில் ஒரு கை ஆழத்துக்குத் தண்ணீர் கசிந்து நிற்கிறது. மணிமுத்தாற்றுக் கால்வாய் காய்ந்து கிடக்கும் இந்த மாதத்தில் சுற்றுவட்டாரத்தில் இதுதான் தண்ணீர்.

இடப்பக்கம் சரளை மேடு. அங்கிருந்து ஒரு செம்மூக்கு ஆள்காட்டி கத்துகிறது. சும்மா போகிறவர்களைப் பார்த்துக் கத்துகிற கத்தல் இல்லை. காரின் முன்சக்கரம்வரை ஓடி வருகிறது, நிற்கிறது, கத்துகிறது, திரும்பி மேட்டுக்கு ஓடுகிறது. இன்னொன்று மேட்டின்மேல் நிற்கிறது. உட்காரவில்லை, கால்களை அகட்டி, இறக்கையைச் சற்றே விலக்கி, அலகைத் திறந்து நிற்கிறது. அதன் நிழல் விழுகிற இடத்தில் சரளைக்கல்லும் முட்டையும் ஒரே நிறம். பைனாகுலரைத் திருகித் திருகித்தான் பிரிக்க முடிகிறது. நாலு. கூர்முனைகள் உள்பக்கமாகத் திரும்பி.

ஆடுகள் முதலில் வந்தன, அப்புறம் அவற்றுக்குச் சொந்தக்காரி. அறுபது இருக்கும். தலையில் துண்டு, கையில் தொரட்டி. தொரட்டியால் காரின் கூரையை ஒரு தட்டு.

“வண்டிய எடுங்கய்யா.”

அண்ணாச்சி விரலை உதட்டில் வைத்துக் காட்டுகிறார். வல்லூறு.

“அது கெடக்கட்டும். ஆக்காட்டி எவ்ளோ நேரமா கத்துது, காது கேக்கலியா? முட்டை கெடக்குல்லா அந்தப் பக்கம். தண்ணி இந்தப் பக்கம். நடுவுல நீங்க வண்டியப் போட்டு நிக்கிய. அது கத்துனா எங்குட்டிய மேய மாட்டேங்கு.”

வல்லூறு ஓணானோடு போய்விட்டது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வண்டியை எடுத்தார். அவள் ஆடுகளை மேட்டைச் சுற்றி, சாலையின் விளிம்போடு, வரிசையாக ஓட்டிக்கொண்டு போனாள். மேட்டுப் பக்கம் தலை திருப்பிய கிடாவுக்கு ஒரு அடி விழுந்தது.

நூறு மீட்டர் தள்ளி ஒரு வேம்பின் அரைநிழலில் கார் நிற்கிறது. ஓடி வந்த ஆள்காட்டி இப்போது சாலையைக் கடக்கிறது, நடந்தே. வாய்க்காலில் இறங்குகிறது. குடிக்கவில்லை. வயிறு தண்ணீரில் படும்படி மடங்கி, முன்னும் பின்னுமாக ஆடுகிறது. இறகைச் சிலிர்த்து, மறுபடி மடங்கி, மறுபடி ஆடி. எழுந்தபோது வயிற்று வெள்ளை ஊறிச் சாம்பலாகியிருக்கிறது. சொட்டச் சொட்டத் தாரின்மேல் நடந்து வருகிறது. அதன் பின்னால் ஈரப்புள்ளிகள் விழுந்த மாத்திரத்தில் காய்கின்றன. மேட்டில் நின்றிருந்தது விலக, இது முட்டைகளின்மேல் ஈர வயிற்றை இறக்குகிறது. விலகியது சற்று நேரம் அங்கேயே நின்று அலகை மூடியது, பிறகு தண்ணீருக்குக் கிளம்பியது. அடைகாப்பது ஏறக்குறைய நாலு வாரம். குளிர்காலத்தில் அடை என்றால் சூடு கொடுப்பது. இந்த வெயிலில் நடுப்பகல் அடை என்றால் சூட்டை எடுப்பது. விட்டால் முட்டை வெந்துவிடும்.

பையன் எடுத்துப் பார்த்தான். திரையில் பறவையின் கால்கள் கானலில் அறுந்தும் ஒட்டியும் தெரிந்தன. வயிறு எது, ஈரம் எது என்று இல்லை. அழித்தான். அண்ணாச்சி கேமராவை மடியில் கவிழ்த்துவிட்டுப் பின்பக்கம் கை நீட்டினார். பைனாகுலர் கைமாறியது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்க நெடுநேரம் ஆயிற்று. டிரைவரும் ஒருமுறை வாங்கிப் பார்த்தார். “வயித்துலயே தண்ணி கொண்டு போவுதே” என்றார். அன்றைக்கு அவர் பறவையைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை.

வழியில் பதநீர். பனையோலைப் பட்டையில், நுங்கு போட்டு. இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் பறவைகள் பின்னுக்குப் போய்விடும்.

கூந்தன்குளம் வரும்போது உச்சி. குளம் சுருங்கி நடுவில் ஒரு தகடாகக் கிடக்கிறது. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக அறிவித்தார்கள். பெயர்ப்பலகைக்கு உள்ளே எவ்வளவு பறவையோ, அதற்குக் குறையாமல் வெளியே தெருவிலும் இருக்கிறது. புளியமரத்தில், வேம்பில், வீட்டுப் பின்கட்டு உடைமரத்தில், மேல்கிளை முழுக்க மஞ்சள் மூக்கு நாரைகள். கூடுகளில் வளர்ந்த குஞ்சுகள் கரகரத்துக்கொண்டே இருக்கின்றன. தாய் நாரை ஒன்று வெயிலுக்கு முதுகு கொடுத்து, இரண்டு இறக்கையையும் அரைவட்டமாக விரித்து நிற்கிறது. குஞ்சுகள் அந்த நிழலுக்குள் ஒடுங்கியிருக்கின்றன. சூரியன் நகர நகர அதுவும் காலை மாற்றி மாற்றித் திரும்புகிறது. சிவந்த கால்கள் வெள்ளையடித்தவைபோல இருக்கின்றன. தன் காலிலேயே எச்சமிட்டு, அது காயும்போது சூடு தணிய விட்டுக்கொள்ளும். பக்கத்து மரத்துக் கூழைக்கடா தாடைப் பையை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. கீழே தெருவில் ஒரு பெண் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு குடத்தோடு மரத்தடியைச் சற்று விரைவாகக் கடக்கிறாள். பறவை எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது இந்த ஊரின் பழைய கணக்கு. தலைக்கு உரம் வேண்டியதில்லை.

படக்காரர்கள் இருவரும் ஒரு மாடிப்படியின் கீழே நின்று, கம்பி வராத கோணம் தேடிக் குனிந்தும் நிமிர்ந்தும் பார்க்கிறார்கள். இங்கே கம்பி மட்டுமல்ல, டிஷ் ஆன்டெனா, காயப்போட்ட சேலை, கோயில் ஒலிபெருக்கி எல்லாமும் கூட்டோடு சேர்ந்துதான் வருகின்றன. அண்ணாச்சி முயற்சியை விட்டுவிட்டு, சேலையோடு சேர்த்தே ஒன்று எடுத்தார். பையனிடம் காட்டவில்லை.

திரும்பி வந்தபோது கார் வெள்ளையும் சாம்பலுமாக இருந்தது. நிழல் நன்றாக இருக்கிறதே என்று டிரைவர் தெருவின் பெரிய புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தார். முன்கண்ணாடியில் பார்ப்பதற்கு இடமில்லை. கூரையில் ஒரு அரை மீன். திண்ணையில் இருந்த பெரியவர் இவர்கள் வருவதற்காகவே காத்திருந்தார்.

“நெழல்னு நிறுத்துனியளோ?”

டிரைவர் பதில் சொல்லவில்லை. வைப்பரைப் போடப் போனார்.

“போடாதிய, போடாதிய. இழுவிரும். தண்ணி ஊத்தி ஊற விடணும்.” உள்ளே திரும்பி, “ஏட்டி, அந்த வாளிய எடு” என்றார்.

வாளி வந்தது. டிரைவர் சட்டையைக் கழற்றிவிட்டு, தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றித் தேய்த்தார். மேலே ஒரு குஞ்சு கரகரத்தது; எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். விழவில்லை.

“வாஷிங் தனி அண்ணாச்சி,” என்றார் டிரைவர், திரும்பிப் பார்க்காமல். “கிலோமீட்டர் கணக்குல இது வராது.”

“அதான் தண்ணி இவிய கொடுத்துட்டாவல்லா?”

“தண்ணி அவிய கொடுத்தாவ. தேய்க்கது யாரு?”

பெரியவர் அதற்கும் ஒரு தொகை சொன்னார். அது அண்ணாச்சி மனதில் வைத்திருந்ததைவிட ஐம்பது ரூபாய் கூட.